மூன்றாம் வளைவுக்கு ஒரு முன் ஆக்சில்

ஏப்ரல் 4

தம்பி,

நீ ஜீப்பைக் கெடுத்து அனுப்பியிருக்கிறாய்.

இரண்டு மாதம் உன் பட்டறையில் வைத்திருந்தாய். பின் ஆக்சிலை மாற்றினேன், கியர் பாக்ஸை மாற்றினேன், இனிமேல் பாறையே உருண்டு வந்து முட்டினாலும் அசையாது என்று பீற்றிக்கொண்டாய். அடிவாரத்துப் பஸ் நிலையத்தில் லாரியிலிருந்து வண்டியை இறக்கியபோது மலைமேலிருந்து பாதிக் குடியிருப்பு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தது. இடுப்பு உயரத்துக்கு டயர். புதுப் பெயின்ட். அப்பா தோள் துண்டால் பானட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் உன்னை மனசுக்குள் மெச்சினேன். அதற்காக இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வளைவு வரை எல்லாம் சுகம்தான். வண்டியில் அப்பா, நர்ஸம்மா, காய்கறிக்காரர், அவருடைய மூட்டைகள், பின்னால் தொங்கிக்கொண்டு இன்னும் சிலர். எப்போதும்போல வளைவுக்கு முன்னால் நிறுத்தி, நாலு சக்கரமும் இழுக்கட்டும் என்று ஃபோர்வீல் லீவரைப் போட்டேன். நாலடி போகவில்லை, ஸ்டீயரிங் கல்லாய் இறுகிவிட்டது. அடியில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். விடாமல் மிதித்தேன். டமார். முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் கழன்று தரையில் தொங்கியது. கல்லை முட்டுக்கொடுத்து எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டேன்.

இன்னொன்று. உன் புதுக் கியர் பாக்ஸில் முதல் கியரே ஓடப் பார்க்கிறது. பழையது மெதுவாக, மூச்சுப் பிடித்து ஏறும். நான் மலை ஏறுகிறவள்டா, பந்தயம் ஓடுகிறவள் இல்லை.

காய்கறிக்காரர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, உன் தம்பி வேலை கத்துக்கிட்டு வண்டியத் தொட்டானா, இல்ல வண்டியத் தொட்டுத்தான் வேலையே கத்துக்கிறானா?" எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

குடியிருப்பில் டவர் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் உன் முதலாளி எடுத்து, "வேலை நேரத்துல போன் கிடையாது" என்று வைத்துவிடுகிறார். அதனால் பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பஸ் டிரைவர் பட்டறை வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "உங்க அக்கா ரொம்பக் கொதிச்சுப் போயிருக்கு, பாத்துப் பிரி" என்று சொல்லிக் கடிதத்தைக் கொடுத்தார். இப்போது சந்தோஷமா?

வண்டி கெடவில்லை. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி முடியும்வரை ஃபோர்வீல் லீவரைத் தொடவேண்டாம் என்று லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் சொல்லவில்லையா?

பொறுமையாகப் படி. டயர் பெரிதானால் இன்ஜின் திணறும். அதனால் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரத்தை இழுவை கூடினதாகப் போடவேண்டும். பின்னால் போட்டுவிட்டேன். முன்னால் இன்னும் பழையதுதான். அதனால் இரண்டும் ஒரே கணக்கில் சுற்றாது. இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது ஒருத்தன் நடந்து ஒருத்தன் ஓடினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. இங்கே ரோட்டில் இரண்டு சக்கர இழுவையில் ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. முன் ஆக்சிலும் மாறிவிட்டால் ஃபோர்வீலோடு சேர்ந்த மெதுகியரையும் போடலாம், முதல் கியர் ஓடுகிற பிரச்சினையும் அடங்கிவிடும். பாதிச் சோற்றைப் பார்த்துவிட்டு வேகவில்லை என்கிறாய்.

மழைக்கு முன்னால் உனக்கு ஃபோர்வீல் எதற்கு?

இதெல்லாம் நான் கடையில் வாங்கியது இல்லை. முதலாளியின் வாடிக்கையாளர்கள் கழற்றிப் போடுவது. அந்தக் கூட்டத்தை நீ பார்க்கவேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப் என்று சொல்லிக்கொண்டு, சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் இழுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அந்தச் சேற்றை நாங்கள் பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். ஒருத்தர் அந்தச் சேற்றைக் கழுவாதே என்றார், அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கவேண்டுமாம். நாம் பிழைப்புக்குப் படுகிற அவதிதான் இவர்களுக்கு விளையாட்டு.

அதில் ஒருவர் பல் டாக்டர். நம் ஜீப்புக்குப் பொருந்துகிற முன் ஆக்சில் அவர் வண்டியில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் கழற்றப்போகிறோம். அது எனக்குத்தான்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பி,

மழைக்கு முன்னால் ஃபோர்வீல் எதற்கு என்று நீயா கேட்கிறாய்? மூன்றாவது வளைவு வெயில் காலத்திலும் பொடிக்கல் சரிவுதானே? அதில் நீ சைக்கிளோடு உருண்டு முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தாயே, மறந்துவிட்டதா? ஃபோர்வீல் போடாமல் அந்த வளைவை ஒருநாளும் யாரும் ஏறியதில்லை. ரோட்டில் ஓட்டிப் பார்த்தானாம், வழுக்கிக்கொண்டு போனதாம்.

லாரி டிரைவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி இளைச்சிட்டான், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க." லீவரில் ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கட்டி அனுப்ப உனக்குக் கை வரவில்லை.

இப்போது நிலைமை இது. திங்களும் வியாழனும் அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்குகிறது, இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே வரைக்கும் காய்கறிக்காரரின் டிராக்டரில், மூட்டைகளுக்கு நடுவில் அப்பாவை உட்காரவைத்து இறக்குகிறேன். மழை வந்தால் டிராக்டர் அந்தப் பாதையில் இறங்காது. போன மழையில் ஆக்சில் முறிந்து, வளைவிலேயே ஜீப்புக்குள் அவர் நனைந்துகொண்டு கிடந்ததால்தானே இந்த வேலையையே ஆரம்பித்தோம்?

கீழே வீடு எடுத்து இருங்கள் என்று எழுதிவிடாதே. இந்த வீடு அவர் பேரில் இருக்கிறது. அணை கட்டியவர்கள் உயிரோடு இங்கேயே குடியிருக்கும்வரைதான் வீடு. மாதாமாதம் அணை இலாகா ஆள் வந்து தலையைப் பார்த்துவிட்டுப் போகிறான். மண் சுமந்து அணை கட்டினவனுக்கு மிஞ்சினது இரண்டு அறை. அதையும் எப்போது காலி செய்வான் என்று காத்திருக்கிறார்கள்.

என் பழைய பின் ஆக்சிலையாவது திருப்பி அனுப்பு. முறிந்ததை ஒட்டவைத்துக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

பழைய ஆக்சில் இல்லை. இரும்புக் கடைக்குப் போய்விட்டது. திட்டவேண்டுமென்றால் திட்டிக்கொள்.

பல் டாக்டர் வண்டியில் முன் ஆக்சிலைக் கழற்றிவிட்டோம். பழுதே இல்லை. அதைவிடத் தடியானது வேண்டுமாம், அவ்வளவுதான். நான் அதைத் துடைத்து, ஓரமாக வைத்து, சாக்கு போட்டு மூடினேன். சாயங்காலம் அவர் வந்தார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அது என்னப்பா மூடி வெச்சிருக்க?"

"சார், உங்க பழைய ஆக்சில். நான் எடுத்துக்கலாமான்னு..."

"அய்யய்யோ, அத வீட்டுக்கு அனுப்பிடு. நல்லா பெயின்ட் அடிச்சு கேட் பக்கத்துல நிக்க வெக்கப்போறேன். மேல ஒரு பூந்தொட்டி. வர்றவங்க பாத்தா சும்மா அசந்துரணும்."

பூந்தொட்டி, அக்கா. எங்கள் மலையில் ஒரு வண்டி இதற்காக நிற்கிறது என்றேன். அப்பா விஷயத்தையும் சொன்னேன். "அடடா" என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். அப்புறம் போன் வந்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கஸ்டமர்கிட்ட வீட்டுக் கதையெல்லாம் சொல்ற வேலை வெச்சுக்காத" என்றார்.

இன்னும் ஆக்சிலை அனுப்பவில்லை. பெயின்ட் காயவில்லை என்று சொல்லி இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார்: "அந்த டாக்டர்கிட்ட சொல்லு, அவரு வீட்டு வாசல்ல நானே வந்து நிக்கிறேன். என் தலைமேல தொட்டிய வெச்சுக்கட்டும். ஆக்சிலக் குடுத்துரச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் இப்போதே மூடி மூடித் திறக்கிறது. என்ன செய்வாயோ, எனக்குத் தெரியாது. இனி காரணம் எழுதாதே. ஆக்சிலை அனுப்பு.

அக்கா


மே 6

அக்கா,

கிடைத்துவிட்டது!

நேற்று டாக்டர் தன் நண்பர்களோடு வந்திருந்தார். எங்கே போனாலும் ஒரே மாதிரிக் குழி, சலித்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜாக்கைத் துடைத்துக்கொண்டே, "எங்க ஊர்ப் பாதையப் பாத்தா இப்படிப் பேசமாட்டீங்க சார்" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது வளைவைப் பற்றிச் சொன்னேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், வெயிலிலும் சறுக்கும் என்றேன். எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் பேச்சை இவர்கள் முழுசாகக் கேட்டது நேற்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். அவர்கள் கிளப் வண்டிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மலைக்கு வரும். நான் வழிகாட்டவேண்டும். பதிலுக்கு ஆக்சில் நமக்கு. டாக்டர் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறார். அங்கேயே வைத்து நான் மாட்டிக் கொடுத்துவிடுவேன். ஒரே பகல். காலையில் வந்து மாலையில் போய்விடுவார்கள். இதில் நமக்கு என்ன நஷ்டம்?

பத்தொன்பதாம் தேதி. அடிவாரத்தில் காத்திரு.

தம்பி


மே 8

தம்பி,

எத்தனை வண்டி என்று எழுதாமல் விட்டிருக்கிறாய். உன் சாமர்த்தியம் எனக்குத் தெரியும்.

வரட்டும். ஆக்சில் வந்தால் சரி. ஆனால் ஒன்றைக் காதில் போட்டுக்கொள். மூன்றாவது வளைவில் குறுக்கே நாம் பதித்த கல்வரிசை இருக்கிறது. இலாகாக்காரன் "பாதை அமைக்கும் பணி நடைபெறுகிறது" என்று பலகை நட்டுவிட்டுப் போனான், பலகை துருப்பிடித்துவிட்டது, பணி நடைபெறவில்லை. நாம்தான் கூடை கூடையாகக் கல் சுமந்து பதித்தோம். மழைத் தண்ணீர் அதன் வழியாக ஒதுங்கிப் பள்ளத்தில் விழுவதால்தான் அந்தப் பாதை இன்னும் பாதையாக இருக்கிறது. அதன்மேல் ஒருத்தரும் ஏறக்கூடாது. ஓரமாக, ஒவ்வொன்றாக, நான் காட்டுகிற தடத்தில் வரச் சொல்லு.

அப்பாவுக்குச் சட்டை வாங்கிவராதே. மருந்து வாங்கி வா.

அக்கா


மே 27

தம்பி,

ஆக்சில் நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே கணக்கில் சுற்றுகின்றன. முதல் கியரில் போட்டால் வண்டி சுவரில்கூட ஏறும். நீ சொன்னது சரிதான். உன் வேலையில் குறை இல்லை. இதை எழுதிவிட்டேன். இனி மற்றதைக் கேள்.

நீ ஜீப்புக்கு அடியில் படுத்து முன் ஆக்சிலை மாட்டிக்கொண்டிருந்தபோது வளைவில் என்ன நடந்தது என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா? பாதை காய்ந்து கிடக்கிறது, சுவாரஸ்யமில்லை என்று அடிவாரத்திலிருந்து டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். குடியிருப்பில் குடிக்கிற தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. இவர்கள் சேறு வேண்டுமென்று தண்ணீர் ஊற்றினார்கள். அப்புறம் இருபது வண்டி, மேலும் கீழும், மேலும் கீழும். கல்வரிசையை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி எறிந்தன டயர்கள். மரத்தில் கம்பிவடம் கட்டி இழுத்ததில் ஓரத்து மரம் வேரோடு சாய்ந்தது. நான் கத்தினேன். உன் டாக்டர் கண்ணாடியை இறக்கி, "சூப்பர் டிராக் மேடம்!" என்றார். குழந்தைகளுக்கெல்லாம் கிளப் ஸ்டிக்கர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது இப்போது எங்கள் தண்ணீர்க் குடங்களில் ஒட்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதல் மழை. கல்வரிசை இல்லாததால் தண்ணீர் ஒதுங்கவில்லை. டயர் தடத்திலேயே ஓடி, பாதையை நடுவில் வகிடெடுத்ததுபோலப் பிளந்துவிட்டது. உள்ளே நான் இறங்கி நின்றால் என் தலை வெளியே தெரியவில்லை. டிராக்டரும் இல்லை, ஜீப்பும் இல்லை. இந்த ஆக்சிலை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓட்டுவது? வீட்டைச் சுற்றியா?

இன்று அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினார்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

எல்லாப் பழியும் என் தலையில்தானா?

முதலில் வண்டியைக் கெடுத்தேன் என்றாய். சரிசெய்து கொடுத்தேன். இப்போது மலையைக் கெடுத்தேன் என்கிறாய். இத்தனை வருஷமாகப் பாதை போடாதவனை ஒரு வார்த்தை கேட்டாயா? பலகை நட்டவனுக்குக் கடிதம் எழுதினாயா? தம்பி என்றால் மட்டும் தாள் தாளாக எழுத வருகிறது.

ஆக்சிலை மாட்டி முடித்ததும் என்ன நடந்தது என்பதை எழுதாமல் விட்டாயே, நான் எழுதுகிறேன். நீயும் வண்டியை எடுத்துக்கொண்டு வளைவில் ஏறினாய். அந்தப் பெரிய பெரிய வண்டிகளெல்லாம் சறுக்கி நின்ற இடத்தில் நம் தகர டப்பா ஒரே மூச்சில் ஏறியது. அவர்கள் கைதட்டினார்கள். "இன்னொரு தடவை, மேடம்" என்றார்கள். நீ இறங்கிவந்து இன்னொரு தடவை ஏறினாய். சிரித்தாய், அக்கா. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினார். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. அந்தத் தடத்தில் உன் டயரும் இருக்கிறது.

லீவு கேட்டேன். மழைக்காலம்தான் அவர்களுக்கு சீசன். வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. "போறதுன்னா ஒரேயடியா போயிரு" என்றார் முதலாளி. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு.

தம்பி


ஜூன் 7

தம்பி,

சிரித்தேன். இல்லையென்று சொல்லவில்லை. அந்த வண்டியை ஓட்டி வருகிறவளைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை, தட்டினார்கள், சிரித்தேன். அதனால் பாதை திரும்பி வந்துவிடுமா? இலாகாவுக்கு எழுதினேன். இலாகா ஆள் வந்து பிளவைப் பார்த்துவிட்டு, "கனரக வாகனத்த ஏன் விட்டீங்க?" என்று எங்களையே கேட்டான். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தலையை எண்ணிக்கொண்டு போய்விட்டான்.

நேற்று வியாழன். வளைவில் பிளவுக்குள் இறங்கினதும் அப்பா உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் இரும்மா, கொஞ்சம் இரு" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. எழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. நர்ஸம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திரும்ப வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிக்கு இல்லை.

என்ன செய்யட்டும் என்று கேட்டாயே. சொல்கிறேன். உன் டாக்டரிடம் போ. இருபது வண்டி, கம்பிவடம், மண்வெட்டி, எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. சேற்றில் மாட்டியவனை இழுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நீதானே எழுதினாய்? திங்கள்கிழமைக்குள் வந்து பிளவில் கல் நிரப்பி, ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி பண்ணித் தரட்டும். கெஞ்சாதே, கேள்.

அக்கா


ஜூன் 11

தம்பி,

திங்கள் போய்விட்டது, அப்பாவுக்கு இரண்டாவது தடவையும் தவறிவிட்டது. யாரும் வரவில்லை. உன்னிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

பஸ் டிரைவரைக் கேட்டேன். "கையிலதாம்மா குடுத்தேன். வாசல்ல நின்னுக்கிட்டே படிச்சான். பதில் இருக்கான்னு கேட்டேன். மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டான்" என்றார்.

அப்பாவின் கால் முழங்கால் வரைக்கும் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருக்கிறார். தண்ணீர் கேட்கிறார், கொடுக்கக்கூடாது. நர்ஸம்மா வியாழனைத் தாண்டவிடாதே என்று சொல்லிவிட்டார்.

வியாழன் விடிந்ததும் அவரை மர நாற்காலியில் வைத்துக் கட்டி, இரண்டு கழி செருகித் தூக்கி இறக்கப்போகிறோம். பிளவுக்கு மேலே ஓரமாக இரண்டு ஆள் சேர்ந்து நடக்கிற அளவுக்கு இப்போது வழி வெட்டியிருக்கிறோம். முன்னால் காய்கறிக்காரர், நர்ஸம்மாவின் வீட்டுக்காரர். பின்னால் ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டும். வருகிறேன் வருகிறேன் என்று பலபேர் வாசலுக்கு வந்தார்கள். வேண்டாம், என் தம்பி வருகிறான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வேலை போனால் போகட்டும். கடிதம் எழுதாதே. புதன்கிழமைக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கு.

அக்கா